எழுதாமல் விட்ட ஆறு வருடங்கள்

ஒஸ்லோவின் வெவ்வேறு நிறுவனங்களில் ஆளெடுக்கும் வேலைக்கு வந்திருக்கும் நம்மவர் பிள்ளைகள் நீங்கள் ஐந்து பேர் மாதம் ஒருமுறை கூடிக் கதைப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் கூட்டத்துக்கு அனுபவத்தில் இருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். கோப்புகளை எப்படி அடுக்குவது, கேள்விகளை எப்படித் தயாரிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சேர்ந்த காலத்தில் விண்ணப்பங்கள் தபாலில் வந்தன, அவற்றைக் கத்தியால் உடைத்து ஒழுங்குபடுத்துவதே பாதி நாள் வேலை. அதையெல்லாம் விட்டுவிட்டு, நான் விட்ட ஒரு பிழையை மட்டும் சொல்கிறேன். அது நம்மவர்கள் மட்டுமே விடக்கூடிய பிழை. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் நான் எப்படி அந்தக் கதிரைக்கு வந்தேன் என்று சொல்லவேண்டும். கடலுக்கு அடியில் குழாய் பதிக்கும் ஒரு பிரித்தானிய நிறுவனத்தின் ஒஸ்லோக் கிளை அது. ஆளணிப் பிரிவில் ஓர் உதவியாளர் தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. நேர்முகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கிளைக்கு இயக்குநராக வந்திருந்த இங்கிலாந்துக்காரர். மற்றவர் ஆளணிப் பிரிவின் தலைவி, உயரமான நோர்வேஜியப் பெண், அதிகம் பேசமாட்டார்.

இயக்குநர் என் சுயவிவரத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். யாழ்ப்பாணத்தில் நான் படித்த கல்லூரியின் முதல் பதினொருவர் கிரிக்கெட் அணியில் தொடக்க ஆட்டக்காரன் என்று எழுதியிருந்தேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கிரிக்கெட் தெரியாத ஒரு நாட்டில் மூன்று வருடமாகத் தவித்துக்கொண்டிருந்த மனிதர். அடுத்த அரை மணிநேரம் நாங்கள் கதைத்தது பந்துவீச்சைப் பற்றியும், பக்கத்துக் கல்லூரியோடு வருடாவருடம் நடக்கும் எங்கள் பிக் மட்ச்சில் நான் எடுத்த நாற்பத்தொரு ஓட்டங்களைப் பற்றியும்தான். தலைவி பேனையை மூடிவைத்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிழமையில் வேலைக் கடிதம் வந்தது.

திறமைக்குக் கிடைத்தது என்று மனைவியிடம் மார்தட்டினேன். "ஓம், ஓம், இப்பவும் ஓப்பனிங் இறங்கப் போறியளாக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் அடுப்பைப் பார்க்கப் போனார்.

அந்தச் சுயவிவரத்தில் ஆறு வருடம் வெறுமையாக இருந்தது. அந்த ஆறு வருடமும் நான் நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்ட்டில், மீன் ஆலையில் வேலை செய்தேன். ஊரில் அரச அலுவலகத்தில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இருந்தவன், வடக்கே வந்து ரப்பர் ஏப்ரனும் கையுறையுமாகக் கோட் என்னும் மீனின் முதுகெலும்பை எடுத்துக்கொண்டு நின்றேன். அதை எந்தத் தாளிலும் எழுதவில்லை. கலியாண வீடுகளில் யாராவது கேட்டால்கூட "வடக்கிலை ஒரு கொம்பனியிலை" என்று மழுப்பிவிடுவேன். நம்மவர்களில் பலருக்கு இது தெரிந்த வித்தைதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி. வருடத்துக்கு ஒருமுறை எங்கள் கிளை புதிதாக எடுக்கும் ஓர் இளம் பொறியியலாளர் இரண்டு வருடப் பயிற்சிக்கு லண்டனுக்குப் போகலாம். ஒரேயொரு இடம். அந்தக் கதவால் போனவர்கள்தான் பிறகு மேலாளர்களாக வந்தார்கள், மற்றவர்கள் வரைபலகையோடு காலத்தைக் கழித்தார்கள். விண்ணப்பப் படிவம் லண்டனில் இருந்து வரும். அதன் தலைப்பில் 'சம வாய்ப்பு வழங்கும் நிறுவனம்' என்று அச்சிட்டிருக்கும். மூன்றாம் பக்கத்தில் ஒரு பெரிய கட்டம் இருக்கும்: பள்ளியிலும் வெளியிலும் நீங்கள் ஏற்ற தலைமைப் பொறுப்புகள்.

அந்தக் கட்டத்தில் நோர்வேப் பிள்ளைகள் திணறிப்போவார்கள். இங்கே பெரும்பாலான பிள்ளைகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளிக்குப் போய், பாணும் பழுப்புச் சீஸும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருபவர்கள். படகோட்ட அணித் தலைவன், விவாதக் கழகச் செயலாளர், விடுதி மாணவத் தலைவன் என்று எழுதுவதற்கு அவர்களிடம் ஒன்றும் இருக்காது. சிலர் 'கைப்பந்து' என்று ஒரு சொல் எழுதுவார்கள், சிலர் கோடு போட்டுவிடுவார்கள். "இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்னதான் செய்தார்கள்?" என்று இயக்குநர் உண்மையான கவலையோடு கேட்பார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். எட்டு வயதில் பெட்டியோடு விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர். அவர்கள் நாட்டில் அந்தப் பள்ளிகளுக்குப் பப்ளிக் ஸ்கூல் என்று பெயர், பொதுமக்கள் கிட்டவும் நெருங்கமுடியாத கட்டணம். அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள்தான் தலைமை அலுவலகத்தின் மேல்மாடி முழுவதும் இருந்தார்கள். ஆனால் அவரைக் கேட்டால் குளிர்ந்த நீரில் குளித்ததையும் அடி வாங்கியதையும் சொல்லி, தான் கஷ்டப்பட்டு மேலே வந்ததாகத்தான் சொல்வார். அதை மனதார நம்பினார். ஆகவே எங்கள் கிளையின் இடம் அநேகமாக ஒஸ்லோவில் வசித்த பிரித்தானியர்களின் பிள்ளைகளுக்கே போனது. இங்கிலாந்து விடுதிகளில் படித்த அந்தப் பிள்ளைகளின் கட்டம் நிரம்பி வழியும்.

நான் அவரைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். என் கல்லூரியும் அந்தப் பள்ளிகளைப் பார்த்து அச்சொட்டாகக் கட்டியதுதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. விடுதி, ஆங்கிலம், புல் விரித்த மைதானம் எல்லாம் எங்களுக்கும் இருந்தன. அப்பாவால் அனுப்ப முடிந்தது, நான் போனேன். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என்னைவிடக் கெட்டிக்காரன், அவனால் போக முடியவில்லை. நானும் கஷ்டப்பட்டு வந்ததாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் மாடியைத் துப்புரவு செய்தவர் பரமேஸ்வரி அக்கா. மட்டக்களப்பைச் சேர்ந்தவர், ஒஸ்லோவின் புறநகரான ஹவுகன்ஸ்டுவாவில் இருந்து முதல் ரயிலில் வருவார். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் அந்தக் கட்டடத்தில் இருந்த மூன்று தமிழருக்கும் அவர் அக்காதான். நான் வேளைக்கே வேலைக்கு வருகிறவன் என்பதால் தினமும் அவரோடு ஐந்து நிமிடம் தமிழில் கதைக்கக் கிடைக்கும். இன்றைக்கு அந்த வேலையை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்த ஐந்து நிமிடங்கள்தான். ஈரத் தரையின் சவர்க்கார வாசமும், "காலப் பாத்து வைங்க அண்ணன், வழுக்கும்" என்ற அவர் குரலும்.

அவர் மகள் தர்சினி துரொண்ட்ஹைமில் பொறியியல் படித்து, முதல் தரத்தில் தேறியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் எல்லிங்ஸ்ருட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். லண்டன் பயிற்சிக்கு அவள் விண்ணப்பிக்கப் போகிறாள், படிவத்தை ஒருக்கால் பார்த்துத் தரவேண்டும்.

ஆளெடுக்கும் வேலையில் இருப்பவன் விண்ணப்பத்தில் கைவைக்கக் கூடாது. முதல் பிழை அதுதான். ஆனால் அக்கா கேட்டு எப்படி மாட்டேன் என்பது? மனைவி ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார், நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்றாம் பக்கக் கட்டத்தில் அவள் இப்படி எழுதியிருந்தாள். பதினாறு வயதில் இருந்து பள்ளிக்குப் போவதற்கு முன்னர் ஒவ்வொரு காலையும் அம்மாவோடு ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்திருக்கிறாள். அம்மா மணிக்கட்டை முறித்துக்கொண்ட இரண்டு மாதமும், தன்னைவிட மூத்த இரண்டு பெண்களோடு மூன்று மாடிகளையும் அவளே ஒழுங்குபடுத்தி நடத்தியிருக்கிறாள், ஒரு முறைப்பாடும் வரவில்லை. கடைசியில் ஒரு வரி: அந்தக் கட்டடம் உங்களுடையது, மூன்றாம் மாடிச் சுவரில் இருக்கும் கடலடிக் குழாய்களின் வரைபடத்தை ஒவ்வொரு நாளும் தூசு தட்டியதால்தான் நான் பொறியியல் படிக்கப் போனேன்.

இன்றைக்கு அந்த வரி எனக்கு மனப்பாடம். அன்றைக்கு அதைக் கண்டதும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

"இதென்ன பிள்ளை இது? இதை எழுதலாமோ?"

"ஏன் அங்கிள்? அதுதானே நான் உண்மையா செய்த வேலை."

"உனக்கு வெள்ளைக்காரரைத் தெரியாது. நாளைக்கு உன்னைப் பாக்கிற நேரமெல்லாம் அவங்களுக்கு வாளியும் தடியும்தான் தெரியும். நீ டான்ஸ் பழகினனியெல்லே? கோயில் திருவிழாவிலை ஆடினனியள்தானே?"

"ஆடினனான். ஆனா கடைசி வரிசையில நிண்டனான் அங்கிள்."

"எந்த வரிசையெண்டு அவங்களுக்குத் தெரியவே போகுது?"

அவள் தாயைப் பார்த்தாள். அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணன் சொல்றதக் கேளு பிள்ள," என்றார். "அவருக்குத் தெரியாததா? அம்மா கூட்டின கதையெல்லாம் அதுக்குள்ள என்னத்துக்கு?"

நான் வெட்டினேன். துப்புரவு வேலை போனது, வரைபடம் போனது. தமிழ் இளையோர் நடனக் குழுவின் தலைவி, மூன்று வருடம் என்று வந்தது. ஆங்கிலத்தில் அழகாகத்தான் எழுதிக் கொடுத்தேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

நேர்முக நாள் காலை நான் போனபோது நேர்முக அறை பளபளவென்று இருந்தது. அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். "முடிச்சிட்டன் அண்ணன். மறுகா பின்னேரம் போன் எடுக்கிறன், என்ன நடந்ததெண்டு சொல்லுங்க," என்றுவிட்டுப் போனார்.

மூன்று பேர் கடைசிச் சுற்றில். இயக்குநரும் தலைவியும் கேள்வி கேட்பார்கள், நான் பக்கத்தில் இருந்து குறிப்பெடுப்பேன். தொழில் கேள்விகளுக்குத் தர்சினி சொன்ன பதில்களை இயக்குநர் தலையாட்டிக் கேட்டார். பிறகு மூன்றாம் பக்கத்துக்கு வந்தார்.

"நடனக் குழுவை நடத்தியிருக்கிறீர்கள். முன்வரிசைக்கு இரண்டு பேர் சண்டை பிடித்தால் எப்படித் தீர்ப்பீர்கள்?"

அவள் ஏதோ பொதுவாகச் சொன்னாள். அவர் விடவில்லை, ஓர் உதாரணம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஓர் உதாரணத்தைச் சொன்னாள், அது கட்டிய கதை என்று எனக்கும் தெரிந்தது, மேசைக்கும் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு தலைவி வாயைத் திறந்தார். "ஏன் எங்களிடம் வர விரும்புகிறீர்கள்?"

பிள்ளையின் முகம் தெளிந்தது. "உங்கள் மூன்றாம் மாடியில் ஒரு வரைபடம் இருக்கிறது," என்று தொடங்கினாள்.

"மூன்றாம் மாடிக்கு எப்போது வந்தீர்கள்?" என்று இயக்குநர் ஆச்சரியத்தோடு கேட்டார்.

அவள் மறுபடியும் என்னைப் பார்த்தாள். ஒரு தலையசைப்பு போதும், அவள் சொல்லியிருப்பாள். நான் குறிப்புப் புத்தகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் நான் எழுதிய கடைசிச் சொல் 'வரைபடம்'. அதற்கு மேல் பேனை ஓடவில்லை.

"இணையத்தில் பார்த்தேன்," என்றாள் அவள்.

அந்த வரைபடம் இணையத்தில் இல்லை. தலைவி என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பத்து நிமிட இடைவேளை. நடைபாதையில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.  "அங்கிள், நான் உள்ள போய்ச் சொல்லட்டா? ஆனா சொன்னா நீங்கதான் எழுதினதெண்டு வந்திரும். உங்களுக்குப் பிரச்சினையாகும்."

அவளுடைய எதிர்காலம் அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தது. அப்போதும் அவள் யோசித்தது என் வேலையைப் பற்றி. நான் உடனே கதவைத் திறந்துகொண்டு போய், எழுதியவன் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். பத்து நிமிடம் இருந்தது, பத்து அடி தூரம் இருந்தது. நான் சொன்னது இதுதான்: "இப்ப வேண்டாம் பிள்ளை. இப்ப சொன்னா பொய் சொன்னதாப் போயிடும். சமாளி."

அவள் சமாளித்தாள். இடம் இன்னொரு பையனுக்குப் போனது. படகோட்ட அணித் தலைவன். தர்சினியைப் பற்றி இயக்குநர் சொன்னதை நான் என் கையாலேயே குறிப்பில் எழுதினேன்: "மிகக் கெட்டிக்காரப் பெண். ஆனால் எல்லாம் ஒப்பனையாக இருந்தது. உள்ளே இருக்கும் ஆளைக் காணவில்லை." அந்த ஆளை நான்தான் எல்லிங்ஸ்ருட்டில் வைத்து வெட்டி எறிந்திருந்தேன். அன்று மாலை அக்கா போன் எடுத்தபோது மனைவியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மறுநாள் காலை தலைவியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை, ஹம்மர்பெஸ்ட்டும் வந்துவிட்டது. ஒருநாள் கப்பல்துறையில் படகு நிறைய மீன் நிற்க, ஆலையில் மீன்பெட்டிகளைக் கொண்டுபோகும் இயந்திரப் பட்டி அறுந்துபோனது, மேற்பார்வையாளர் ஊரில் இல்லை. நான் நோர்வேக்காரரையும் நம்மவரையும் கலந்து வரிசையாக நிறுத்தி, கைக்குக் கை பெட்டி மாற்றி, ஒரு மீனும் பழுதாகாமல் முடித்தேன். முடிந்ததும் ஆலைப் பெண்கள் வாபிள் சுட்டுத் தந்தார்கள், நின்ற நிலையிலேயே தின்றோம்.  அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் வேலை செய்ததில்லை என்பதை அந்த அறையில்தான் கண்டுபிடித்தேன்.

தலைவி பேனையை மூடிவைத்தார். பிறகு சொன்னார். "உன்னை எடுக்கக் கூடாது என்று சொன்னவள் நான். தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

"ஆறு வருடம் எங்கே போனான் இந்த மனிதன் என்று யோசித்தேன். சிறையில் இருந்திருப்பாய் என்றுகூட நினைத்தேன். இயக்குநர் கிரிக்கெட்டுக்காகப் பிடிவாதம் பிடித்தார், விட்டுக்கொடுத்தேன். மீன் ஆலை என்று எழுதியிருந்தால் நான் அல்லவா பிடிவாதம் பிடித்திருப்பேன்." அதைச் சொல்லிவிட்டு எழுந்து மேலங்கியைச் சரிசெய்தார். "வா, அவரிடம் போவோம். பிறகு நீ அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போ. தொலைபேசியில் வேண்டாம்."

நாங்கள் சொன்னதை இயக்குநர் முகம் சிவக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது, கிடைக்கத்தான் வேண்டும். அவர் லண்டனுக்கு எழுதினார், தீர்மானம் மாறவில்லை. ஆனால் அடுத்த வருடம் எங்கள் கிளைக்கு வந்த படிவத்தில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருந்தது: நீங்கள் செய்த வேலைகள், எதுவாக இருந்தாலும். நோர்வேப் பிள்ளைகளின் பேனைகள் ஓடத் தொடங்கின. ஒருவன் தகப்பனோடு மாட்டுத் தொழுவம் நடத்தியிருந்தான், ஒருத்தி முதியோர் இல்லத்தில் நோயாளரைத் தூக்கியிருந்தாள். இயக்குநர் அவற்றைக் கதைப்புத்தகம் போல ஆர்வமாக வாசித்தார். "எங்கள் பள்ளியில் யாருமே வேலை செய்ததில்லை," என்று ஒருநாள் எனக்குச் சொன்னார், கொஞ்சம் கூச்சத்தோடு.

அவர்களின் ஹவுகன்ஸ்டுவா வீட்டுக்கு அந்தச் சனிக்கிழமையே போனேன். அக்கா என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்பதற்கு நம்மிடம் பழக்கம் குறைவு, தட்டுத்தடுமாறிக் கேட்டேன். அக்கா, "ஐயோ அண்ணன், நீங்க நல்லதுக்குத்தானே செய்தீங்க," என்று அழத் தொடங்கினார்.

தர்சினி அழவில்லை. "லண்டன் கிடைக்காட்டிப் பரவாயில்ல அங்கிள்," என்றாள். "அண்டைக்குக் காலமை அம்மா அந்த அறையத் துடைச்சிட்டு, நான் இருக்கப்போற கதிரையில தானும் ஒருக்கா இருந்து பாத்தவவாம். கதிரைக்குக் கால் ஆடுதோ எண்டு. நான் ரயில்ல வரேக்க எனக்குப் போனில சொன்னவ. நான் அந்தக் கதிரையில இருந்துகொண்டு அம்மாவைத் தெரியாத மாதிரிக் கதைச்சிட்டு வந்தனான். அதுதான் எனக்குத் தாங்கேலாம இருக்கு."

 

அடுத்த விண்ணப்பத்தை அவள் வேறொரு நிறுவனத்துக்குத் தானே எழுதினாள், யாருக்கும் காட்டவில்லை. வேலை எங்கே கிடைத்தது தெரியுமா? ஹம்மர்பெஸ்ட்டில், ஊருக்கு எதிரே தீவில் கட்டிக்கொண்டிருந்த எரிவாயு நிலையத்தில். போய் இரண்டு கிழமையில் எனக்குப் போன் எடுத்தாள். "அங்கிள், இஞ்ச சூரியனே வருதில்ல! ஆறு வருஷம் எப்பிடி இருந்தனீங்கள்?" என்று கேட்டாள். ஒரு மணிநேரம் சொன்னேன்.

நான் ஓய்வுபெற்ற நாளில் அந்த நேர்முக அறையில்தான் பிரியாவிடை. விருந்தினர் யாரையாவது அழைக்கலாம் என்றார்கள். மனைவியையும் பரமேஸ்வரி அக்காவையும் அழைத்தேன். அந்த மாடியை அத்தனை வருடம் துடைத்தவர், ஆட்கள் இருக்கும் நேரத்தில் அந்த அறைக்குள் வந்தது அன்றைக்குத்தான். நீலச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து வந்திருந்தார். இடம் பார்த்து இருத்தினேன், மகள் இருந்த அதே பக்கத்தில்.

இயக்குநர் வழமைபோலக் கிரிக்கெட்டில் தொடங்கினார். நான் எழுந்து ஹம்மர்பெஸ்ட்டைச் சொன்னேன், முதல் தடவையாக எல்லார் முன்னிலையிலும். கையில் தாள் வைத்திருந்தும் வியர்த்துவிட்டது. பிறகு கேக் வெட்டினோம். இயக்குநர் அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மரியாதையாக, "உங்களுக்கு இவரை எப்படித் தெரியும்?" என்று தன் ஓட்டை நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

அக்கா கேக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தன் நோர்வேஜிய மொழியில் பதில் சொன்னார். "நான் இந்த மாடியைத் துடைக்கிறவள். என் மகள் ஹம்மர்பெஸ்ட்டில் பொறியியலாளர்."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். ஒன்றைச் சொல்ல மற்றதை மறைக்கவேண்டும் என்று அவருக்கு எல்லிங்ஸ்ருட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான். இவர் யாருடைய தாய் என்று இயக்குநருக்கு விளங்கிவிட்டது.  பிறகு எழுந்து, யாரிடமும் சொல்லாமல், மேசையில் கிடந்த தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார். எட்டு வயதில் விடுதிக்குப் போன மனிதர், தட்டை எப்படி அடுக்குவது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

அக்கா என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "அவர விடச் சொல்லுங்க அண்ணன். உடைச்சுப்போடுவார். நாளைக்குக் காலையில நான்தானே துடைக்கிறது."